கழிவுப் பதிவேடு

இரவு பத்தரைக்கு
திருமலை வீதியில் எங்கள் கண்ணாடிக் கதவு
'மூடப்பட்டது' என்ற பக்கத்தைத் தெருவுக்குக் காட்டும்.
அதற்குப் பிறகுதான் எனக்கு எழுத்து வேலை.

கால்: ஏழு. சிறகு: பதினொன்று. நெஞ்சு: மூன்று.
எழுதி, வாளியில் கொட்டி,
மேலே பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூடி.
எலுமிச்சை மணக்கும்.
யாரும் பொறுக்கித் தின்னக் கூடாதாம்.
தின்று வயிற்றுக்கு ஏதும் வந்தால்
கம்பனிக்குத்தான் கெட்ட பெயராம்.
நுஸ்கி அதை ஊற்றும்போது
ஒவ்வொரு நாளும் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொள்வான்.
காத்தான்குடிக்கான கடைசி பஸ் போயிருக்கும்.
அவனிடம் சைக்கிள் இருக்கிறது, லைட் இல்லை.

மாசியில் கொழும்பிலிருந்து வான் வந்தது.
சமூகப் பொறுப்பு.
மூன்று மொழியிலும் அச்சடித்த பதாகை;
தமிழில் மட்டும் ஒரு 'ப்' குறைந்து
'பொறுபு' என்று நின்றது.
வலையிறவுப் பாலம் தாண்டி
படுவான்கரையில் ஒரு பாடசாலை.
எட்டு மணிக்கு என்று சொல்லிவிட்டு
பதினொன்றே காலுக்குப் போய் இறங்கினோம்.
பிள்ளைகள் வெயிலில் வரிசை குலையாமல் நின்றார்கள்,
தோய்த்த சீருடை, நெற்றியில் திருநீறு,
நாங்கள் வருவோம் என்று
காலையில் ஒன்றும் தின்னாமல்.

இருநூறு பொதி. எண்ணி ஏற்றியவள் நான்.
பணிப்பாளர் ஒரே பொதியை
ஒரே சிறுமிக்கு நான்கு தரம் கொடுத்தார்,
வெளிச்சம் சரியாக விழும்வரை.
நாலாம் தரம் அவள் கை நீட்டவில்லை.
ரீச்சர் முழங்கையைத் தொட்டார்.
நீட்டினாள்.

'ஊழியர்களும் படத்தில் வேணும், வாங்க தங்கச்சி.'
வந்தேன்.
'அந்தச் சட்டைக் கையைக் கொஞ்சம் இறக்கி விடுங்க.'
மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை
தை மாதத்து எண்ணெய் எழுதிய எழுத்து.
அதற்கு மூன்று நாள் லீவு,
சம்பளத்தில் மூன்று நாள் வெட்டு.
இறக்கினேன்.

ஒரு பொடியன் பணிசைப் பிளந்து
உள்ளே உற்றுப் பார்த்து
'இதுக்குள்ள சோறு எங்க மிஸ்?' என்றான்.
எல்லோரும் சிரித்தோம்.
நானும்.
திரும்பி வரும்போது
பாலம் முழுக்க என் சிரிப்பு எனக்குக் கேட்டது.

அன்றிரவு எட்டுக் கால் மிஞ்சின.
ஐந்து என்று எழுதினேன்.
மற்ற மூன்றும்
'பனி உருகியதில் நிறை குறைவு' என்ற கட்டத்துக்குள் போயின.
அங்கிருந்து தாளில் சுற்றிப் பின்வாசலுக்கு.
காவலுக்கு இருக்கும் பேரின்பம் அண்ணர்
ஏன் என்று கேட்கவில்லை.
பின்னேரம் ஆறு மணியிலிருந்து
எங்கள் பொரியல் வாசத்துக்குள் கதிரை போட்டிருக்கிற மனுசன்.
வீட்டில் மூன்று பெட்டைகள்.

பங்குனியில் பாதியைத்தான் எழுதினேன்.
சித்திரையில் நுஸ்கி
திரவப் போத்தலைத் தட்டின் பின்பக்கம் தள்ளிவைத்தான்.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஆனியில் மின்னஞ்சல்:
'மட்டக்களப்புக் கிளையில் உணவுக் கழிவு
நாற்பத்தொரு வீதம் குறைந்துள்ளது.
நிலைபேறான வணிகத்துக்கு முன்மாதிரி.'
ஆண்டறிக்கையில், பச்சை இலை போட்ட பக்கத்தில்
என் களவு ஒரு வரைபாக ஏறியிருக்கிறது.
வடிவாகக் கீழே சரிகிறது.
லமினேட் செய்த சான்றிதழ் ஒன்றும் வந்தது.
அதில் பெயர் பிழையில்லை: யோ. தவசீலி.

வருகிற மாதம் கொழும்புக்குப் போய்
எப்படிக் குறைத்தேன் என்று
மற்றக் கிளைகளுக்கு விளக்க வேண்டுமாம்,
திரையில் படம் போட்டு.
என்ன படம் போடுவது?
பேரின்பம் அண்ணருடைய ரிபன் கரியரையா?

இன்றைக்குக் கால் ஒன்பது.
நாலு என்று எழுதிப் பேனையை மூடுகிறேன்.
பின்வாசலில் அண்ணர் பொதியை வாங்கி
நிறுத்துப் பார்ப்பதுபோல் கையில் வைத்திருக்கிறார்.
'மறுகா, அந்தச் சிவப்பு சோஸ் இல்லியா கா?
கடைக்குட்டி கேக்குது.'

சோஸுக்கு வேறு பதிவேடு.
அது இன்னும் என் கைக்கு வரவில்லை.